வாய்ஸ் கீயர் மக்கர் செய்யும்போது: எஸ்எஸ்பி போட்டிக்கான பிழை நீக்கும் வழிமுறை

அக்டோபர் மாதத்தின் கடைசி முழு வார இறுதியில் நடைபெறும், அமெச்சூர் வானொலி நிலையங்கள் ஒன்றோடொன்று தொடர்புகொள்ளும் சிக்யூ வேர்ல்ட் வைட் போட்டியின் எஸ்எஸ்பி (ஒற்றைப் பக்கப்பட்டை முறையில் குரல் அனுப்பும்) பகுதி, இந்திய நேரப்படி சனிக்கிழமை காலை 5:30 மணிக்குத் தொடங்கி, 48 மணி நேரம் ஓடித் திங்கட்கிழமை காலை 5:30 மணிக்கு முடிகிறது. ஓர் அழைப்புக்கு மூன்றரை விநாடி, பதிலுக்குக் காது கொடுக்க இரண்டரை விநாடி என்று வைத்துக்கொண்டால், பதிலே வராத ஒரு மணி நேரத்தில் சிக்யூ என்ற பொது அழைப்பின் ஒரே வாசகத்தை 600 முறை சொல்ல வேண்டியிருக்கும். எந்தத் தொண்டையும் இதைத் தாங்காது. நம் குரலை முன்கூட்டியே பதிந்து வைத்து, ஒரு விசையைத் தட்டியதும் ரிக்கை, அதாவது நம் வானொலிக் கருவியை, டிரான்ஸ்மிட்டுக்கு மாற்றி, அந்தப் பதிவை அனுப்பி, மறுபடியும் ரிசீவுக்குக் கொண்டுவரும் வாய்ஸ் கீயர் இதற்காகவே இருக்கிறது. ஆனால் வெண்ணெய் திரண்டு வரும்போது தாழி உடைவதுபோல், ஐரோப்பாவுக்கு அலைவழி திறந்து அங்கிருந்து நிலையங்கள் குவியும் மாலை நேரத்தில்தான் அது பெரும்பாலும் நம்மைக் கைவிடுகிறது.

கீழே உள்ளவை விண்டோஸ் மடிக்கணினி, அதில் தொடர்புகளைக் குறித்துவைக்கும் லாகிங் மென்பொருளான என்1எம்எம் லாகர் பிளஸ், ஒற்றை யூஎஸ்பி கேபிளால் இணைத்த ஐகாம் ஐசி-7300 ரிக் என்ற அமைப்பை மனத்தில் வைத்து எழுதப்பட்டவை. என் மேசையில் இருப்பதும் அதுவே. வேறு ரிக்கும் வேறு லாகிங் மென்பொருளும் வைத்திருப்பவர்களுக்கு மெனுக்களின் பெயர்கள் மாறுமே தவிர, தேடும் முறை மாறாது.

எதையும் தொடுவதற்கு முன்

வாய்ஸ் கீயருக்குள் ஒன்றோடொன்று தொடர்பில்லாத இரண்டு பாதைகள் இருக்கின்றன. ஒன்று ஒலி போகும் பாதை: வேவ் கோப்பு, விண்டோஸின் ஒலி அமைப்பு, யூஎஸ்பி வழியே ரிக்கின் சவுண்ட் கார்டு, அங்கிருந்து ஒலியை வானொலி அலையில் ஏற்றும் மாடுலேட்டர். மற்றொன்று பிடிடி (ரிக்கை டிரான்ஸ்மிட்டுக்கு மாற்றும் கட்டளை) போகும் பாதை: லாகிங் மென்பொருள், காம் போர்ட் என்ற தொடர் இணைப்பு, அங்கிருந்து ரிக்கின் டிரான்ஸ்மிட் சுவிட்ச். கேபிள் ஒன்றாக இருப்பதால் இரண்டும் ஒன்றென்று நாம் நினைத்துக்கொள்கிறோம். பிழை தேடுவதில் வீணாகும் நேரத்தில் பெரும்பங்கு இந்த எண்ணத்தால் வீணாவதுதான்.

ஆன்டெனாவைக் கழற்றிவிட்டு பவரை வெளியே விடாமல் உறிஞ்சிக்கொள்ளும் 50 ஓம் டம்மி லோடை மாட்டுங்கள். சிக்யூ பதிவை அனுப்பும் எஃப்1 விசையைத் தட்டி, ரிக்கின் டிரான்ஸ்மிட் விளக்கையும் பவர் மீட்டரையும் பாருங்கள். எஸ்எஸ்பியில் கேரியர் (ஒலியைச் சுமக்கும் அலை) அடக்கப்பட்டிருப்பதால், மாடுலேட்டருக்குள் ஒலி வராமல் பவர் வெளியே வராது. எனவே விளக்கு எரிந்து மீட்டர் அசையாவிட்டால் பிடிடி பாதை நலம், ஒலிப் பாதையில் கோளாறு. விளக்கே எரியாவிட்டால் முதலில் பிடிடியைப் பார்க்க வேண்டும். இரண்டும் சரியாக இருந்து குரல் மட்டும் கெட்டிருந்தால் அது மூன்றாவது வகை. ஒரு நேரத்தில் ஓர் அமைப்பை மட்டும் மாற்றி, மாற்றியதைத் தாளில் எழுதிக்கொண்டு, மறுபடியும் எஃப்1ஐத் தட்டிப் பார்ப்பதே நம்பத்தக்க வழி. பதற்றத்தில் மூன்று இடங்களைச் சேர்த்து மாற்றியவருக்கு, எது பிழை என்பது கீயர் சரியான பிறகும் தெரியாது.

டிரான்ஸ்மிட் விளக்கு எரிகிறது, பவர் எழவில்லை

இதுவே அடிக்கடி வருவது. ரிக்கின் பக்கத்திலிருந்து தொடங்குங்கள். ஐசி-7300இன் கனெக்டர்ஸ் மெனுவில் மாட் இன்புட் என்ற பகுதியில், டேட்டா ஆஃப் மாட் என்ற அமைப்பு, சாதாரண எஸ்எஸ்பியில் மாடுலேட்டர் எங்கிருந்து ஒலியை எடுக்க வேண்டும் என்பதைத் தீர்மானிக்கிறது. தொழிற்சாலையிலிருந்து வரும்போது அது மைக், ஏசிசி (பின்பக்கத் துணைத் துளை) என்றே இருக்கும். அதில் யூஎஸ்பி சேராது. மடிக்கணினி எவ்வளவு உரக்கப் பேசினாலும் ரிக் அதைக் கேட்காததற்குக் காரணம் இதுதான். இதை யூஎஸ்பி என்று மட்டும் மாற்றினால் கீயர் பேசத் தொடங்கும், ஆனால் கை மைக் ஊமையாகிவிடும். அழைத்தவருக்கு நேரடியாகப் பதில் சொல்ல முயலும்போதுதான் அது தெரியவரும். மைக், யூஎஸ்பி இரண்டையும் சேர்த்து எடுக்கும் தெரிவு உங்கள் ரிக்கில் இருந்தால் அதையே வையுங்கள். கென்வுட் டிஎஸ்-590 போன்ற ரிக்குகளில் இந்தத் தேர்வை டிரான்ஸ்மிட் கட்டளையே செய்கிறது: டிஎக்ஸ்0 என்று வந்தால் மைக்கையும், டிஎக்ஸ்1 என்று வந்தால் பின்பக்க அல்லது யூஎஸ்பி ஒலியையும் அது எடுத்துக்கொள்கிறது. ஆகவே அங்கே ஒலி வரவில்லை என்பது உண்மையில் எந்தக் கட்டளை போகிறது என்ற கேள்வியாக மாறிவிடுகிறது.

ரிக்கின் பக்கம் சரி என்றால் விண்டோஸுக்கு வாருங்கள். ரிக்கின் சவுண்ட் கார்டு அங்கே யூஎஸ்பி ஆடியோ கோடெக் என்ற பொதுப் பெயரில் தெரியும். போன வாரம் இடப்பக்கத் துளையில் செருகிய கேபிளை இந்த வாரம் வலப்பக்கத்தில் செருகினால், விண்டோஸ் அதைப் புதிய கருவி என்று கருதிப் பெயருக்கு முன்னால் ஓர் எண்ணைச் சேர்த்துவிடலாம். லாகிங் மென்பொருளோ பழைய பெயரையே தேடிக்கொண்டிருக்கும். நான் ஒரு சனிக்கிழமை விடியற்காலையில், மேசையை ஒழுங்குபடுத்துகிறேன் என்று கேபிளைத் துளை மாற்றிச் செருகிவிட்டு, போட்டியின் முதல் முக்கால் மணி நேரத்தை மெனுக்களுக்குள் தொலைத்திருக்கிறேன். இப்போது மடிக்கணினியின் துளைக்குப் பக்கத்தில் சிவப்பு ஒட்டுநாடா ஒட்டியிருக்கிறது, கேபிளின் முனையிலும் அதே நிறம் சுற்றியிருக்கிறது. விண்டோஸின் ஒலி அமைப்பில் அந்தக் கருவியின் பெயரையே ரிக் வெளியீடு, ரிக் உள்ளீடு என்று மாற்றி வைத்துக்கொள்ளவும் முடியும். அதற்குச் செலவாகும் ஒரு நிமிடத்தைக் கட்டாயம் செலவழியுங்கள்.

அடுத்தது கோப்பு. என்1எம்எம்மின் செயல்விசை (எஃப்1 முதலியவை) வரிகளில் ஆபரேட்டர் என்ற மாறியைப் பயன்படுத்தியிருந்தால், அந்த இடத்தில் அப்போது இருக்கையில் உள்ளவரின் அழைப்புக்குறி (வானொலியில் அவருடைய அடையாளப் பெயர்) வந்து உட்காரும். மென்பொருள் அந்தப் பெயருள்ள கோப்புறையில் போய் வேவ் கோப்பைத் தேடும். ஒரே நிலையத்தில் மூன்று பேர் முறை வைத்து இயக்கும்போது, புதிதாக உட்கார்ந்தவர் கன்ட்ரோல்-ஓ அழுத்தித் தம் அழைப்புக்குறியைக் கொடுத்ததும் கீயர் ஊமையானால், அவருடைய கோப்புறை இல்லை அல்லது பெயரில் ஓர் எழுத்துப் பிழை என்று கொள்ளுங்கள்.

கோப்பும் ஓடி, விண்டோஸின் ஒலிப் பட்டையும் துள்ளி, அப்போதும் பவர் வராவிட்டால், பதிவைக் காட்டும் மென்பொருளில் கோப்பைத் திறந்து பாருங்கள். ஸ்டீரியோவாகப் பதிவாகி, குரல் ஒரு சேனலில் மட்டும் இருக்கக்கூடும். இரண்டு ரிக் வைத்து இயக்கும் அமைப்புகளில் இடது சேனல் முதல் ரிக்குக்கும் வலது சேனல் இரண்டாம் ரிக்குக்கும் போவது வழக்கமாகையால், தவறான சேனலில் உள்ள குரல் தவறான ரிக்கின் வாசலில் போய் நிற்கும். மோனோவாக மாற்றி, 16 பிட், 48 கிலோஹெர்ட்ஸ் என்று சேமித்துவிட்டால் இந்தத் தொல்லை தீர்ந்தது.

ஒலி ஓடுகிறது, விளக்கு எரியவில்லை. அல்லது தானாகவே எரிகிறது

பிடிடியைக் கொடுக்க மூன்று வழிகள் உண்டு: காம் போர்ட்டின் ஆர்டிஎஸ் அல்லது டிடிஆர் என்ற சமிக்ஞைக் கம்பி, மென்பொருள் ரிக்குக்கு அனுப்பும் கேட் கட்டளை, ஒலி வந்ததும் தானாக டிரான்ஸ்மிட்டுக்கு மாற்றும் வாக்ஸ். ஒன்றை மட்டும் தேர்ந்தெடுங்கள். ஆர்டிஎஸ் என்று முடிவு செய்தால், ரிக்கின் யூஎஸ்பி செண்ட் அமைப்பிலும் ஆர்டிஎஸ், மென்பொருளின் காம் போர்ட் அமைப்பிலும் ஆர்டிஎஸ் என்பதற்கு நேரே பிடிடி, டிடிஆர் என்பதற்கு நேரே எப்போதும் ஆஃப் என்று இருக்க வேண்டும். ஒரு பக்கம் ஆர்டிஎஸ், மறுபக்கம் டிடிஆர் என்று மாறிக் கிடந்தால், விளக்கு எரியாமல் இருக்கலாம். அல்லது மென்பொருளைத் திறந்த கணமே எரிந்து அணையாமல் நிற்கலாம். மடிக்கணினி துவங்கும்போது விண்டோஸ் காம் போர்ட்டுகளைத் தொட்டுப் பார்ப்பதால், அந்த ஓரிரு விநாடிகளில் ரிக் டிரான்ஸ்மிட்டுக்குப் போய்வருவதும் உண்டு. எனவே முதலில் மடிக்கணினி, அது முழுவதும் எழுந்த பிறகு ரிக், கடைசியாக லீனியர் (ரிக்கின் பவரைப் பெருக்கும் கருவி) என்ற வரிசையில் மின்சாரம் கொடுப்பதை வழக்கமாக்கிக்கொள்வது நல்லது.

கம்பி வழிப் பிடிடியும் கேட் வழிப் பிடிடியும் ஒருங்கே இயங்கினால், ஒன்று விடும்போது மற்றொன்று பிடித்துக்கொண்டிருக்கும். முதல் நூறு அழைப்புகளில் எதுவும் தெரியாது. நூற்றொன்றாவதில் ரிக் டிரான்ஸ்மிட்டிலேயே சிக்கிக்கொள்ளும்.

வாக்ஸை நான் யாருக்கும் பரிந்துரைப்பதில்லை. அதற்கு எந்த இணைப்பும் வேண்டாம் என்பது உண்மைதான். ஆனால் வாக்ஸ் விழித்துக்கொள்ள முதலில் ஒலி வரவேண்டும் என்பதால், முதல் அசையைப் பலி கொடுத்தே அது திறக்கிறது. அதோடு, மடிக்கணினியிலிருந்து வரும் எந்த ஓசைக்கும் அது வாயைத் திறந்துவிடும்.

முதல் அசை காணாமல் போகிறது

எதிர்ப்பக்கம் உள்ளவர் நம் அழைப்புக்குறியின் தொடக்கத்தைத் திரும்பத் திரும்பக் கேட்கிறார் என்றால் இதைச் சந்தேகியுங்கள். பிடிடி வந்ததும் ரிக்கும் லீனியரும் நிலை மாறச் சிறிது நேரம் எடுக்கின்றன. திறந்த சட்டக ரிலே உள்ள பழைய லீனியருக்கு 15 முதல் 25 மில்லிவிநாடி வரை தேவைப்படலாம். அதற்குள் ஒலி கிளம்பிவிட்டால் முதல் மெய்யெழுத்து ரிலேயில் மாட்டிக்கொள்ளும். மென்பொருளில் பிடிடிக்கும் ஒலிக்கும் இடையே 30 முதல் 50 மில்லிவிநாடி தாமதம் வையுங்கள். ரிலே மாறும் முன்னே பவர் பாய்ந்தால் ரிலேயின் முனைகள் தீய்ந்துபோகும் என்பதால், லீனியரின் ஆயுளுக்கும் இது வேண்டியதே.

தாமதம் வைத்த பிறகும், நெடுநேரம் சும்மா இருந்துவிட்டு அனுப்பும் முதல் செய்தியில் மட்டும் தலை வெட்டுப்பட்டால், யூஎஸ்பி உறங்கிப்போகிறது. விண்டோஸின் பவர் அமைப்பில் யூஎஸ்பி செலக்டிவ் சஸ்பெண்ட் என்பதை நிறுத்துங்கள். டிவைஸ் மேனேஜரில் யூஎஸ்பி ஹப்களின் பவர் பகுதிக்குச் சென்று, மின்சாரத்தைச் சேமிக்க இந்தக் கருவியை நிறுத்தலாம் என்ற அனுமதியையும் நீக்குங்கள்.

செய்தி முடிந்தும் ரிசீவுக்குத் திரும்பத் தாமதிக்கிறது

பெரும்பாலும் குற்றம் பதிவின் வாலில் இருக்கும். பேசி முடித்து, கை நீட்டி, நிறுத்து விசையைத் தட்டுவதற்குள் அரை விநாடி மௌனம் பதிவாகிவிடுகிறது. போட்டியில் பழுத்தவர்கள் நம் சிக்யூ முடிந்த கணமே அழைப்பார்கள். நமக்கோ அவர்களுடைய பாதி அழைப்புக்குறிதான் காதில் விழும். ஆடாசிட்டி என்ற ஒலித் திருத்த மென்பொருளில் கோப்பைத் திறந்து பெரிதாக்கிப் பாருங்கள். முன்னால் மூச்சை உள்ளிழுக்கும் மெல்லிய புடைப்பு, பிறகு சிக்யூவின் முதல் முகடு, கடைசி அசை சரிந்து அடங்கிய பிறகு நேர்கோடாக நீளும் மௌனம், அதன் நுனியில் விசையைத் தட்டிய ஊசிபோன்ற ஒரு கோடு: இவ்வளவும் கண்ணுக்குத் தெரியும். மூச்சையும் மௌனத்தையும் ஊசியையும் வெட்டி எறிந்துவிடுங்கள். கடைசி அசையின் சரிவை மட்டும் வெட்டாதீர்கள். அதை வெட்டினால் அழைப்புக்குறியின் கடைசி எழுத்து மாறிக் கேட்கும்.

முற்றிலும் சிக்கிக்கொண்டால் முதலில் எஸ்கேப் விசை. அதற்கும் மசியாவிட்டால் யூஎஸ்பி கேபிளைப் பிடுங்குங்கள். காரணத்தைப் பிறகு தேடலாம். அலைவரிசையை அடைத்துக்கொண்டு யோசிப்பது முறையன்று.

குரல் கரகரக்கிறது, உடைகிறது, ரீங்கரிக்கிறது

கரகரப்பு மூன்று காரணங்களால் வரலாம். ஹெட்போனை மாட்டி, ரிக்கின் மானிட்டரை (அனுப்பும் குரலை நமக்கே கேட்கச் செய்யும் வசதியை) இயக்கி, டம்மி லோடில் எஃப்1 தட்டிக் கேளுங்கள்.

டம்மி லோடிலும் கரகரத்தால், ஒலி அளவு மிகுதி என்று பொருள். ஏஎல்சி (அளவு மிஞ்சாமல் அடக்கும் சுற்று) மீட்டர் அதன் எல்லைக்குள் அடங்கும் வரை யூஎஸ்பி மாட் லெவலைக் குறையுங்கள். விண்டோஸின் வெளியீட்டு அளவை நூறில் வைத்துவிட்டு ரிக்கில் குறைப்பதைவிட, இரண்டையும் பாதியளவில் வைத்துத் தொடங்குவது சரியாக வருகிறது. பதிவு செய்யும்போதே குரலின் ஏற்ற இறக்கத்தை நெருக்கிச் சமமாக்கிவிட்டு, ரிக்கின் கம்ப்ரஸரையும் இயக்கினால் நெருக்கல் இரட்டிப்பாகும். பதிவைத் தூய்மையாக வைத்துக்கொண்டு நெருக்கலை ரிக்கிடமே விட்டுவிடுங்கள். விண்டோஸின் ஆடியோ என்ஹான்ஸ்மென்ட்ஸ் எல்லாவற்றையும் அணைத்துவிடுங்கள். இதை ஏன் வலியுறுத்துகிறேன் என்றால், நேரடிக் குரலில் ஒரு கணம் நிகழும் பிழை, கீயரில் மணிக்கு 600 முறை நிகழ்கிறது. ஏஎல்சியை மீறிப் போகும் சிக்னல் இரண்டு பக்கமும் சிதறி, பக்கத்தில் 3 கிலோஹெர்ட்ஸ் தள்ளி நலிந்த சிக்னலோடு போராடிக்கொண்டிருக்கும் ஒருவரின் போட்டியைக் கெடுக்கிறது. அவர் நம்மைத் திருத்தவும் வழியில்லை, ஏனென்றால் நாம் கேட்டுக்கொண்டிருக்கும் இடத்தில் அவர் இல்லை.

டம்மி லோடில் தூய்மையாக இருந்து, ஆன்டெனாவை மாட்டியதும் கரகரத்தால், ரேடியோ அலை நம் அறைக்குள்ளேயே திரும்பி வருகிறது. பவரை 10 வாட்டுக்குக் குறைத்துப் பாருங்கள்; கரகரப்பு போய்விட்டால் ஐயமே வேண்டாம். 7 மெகாஹெர்ட்ஸில் நன்றாக இருந்து 21 மெகாஹெர்ட்ஸில் மட்டும் வருவதும் இதன் அடையாளமே. கேபிளின் நீளம் ஓர் அலைப்பட்டையில் நல்ல ஆன்டெனாவாகவும் மற்றொன்றில் மோசமான ஆன்டெனாவாகவும் அமைந்துவிடுவதால் அப்படி நிகழ்கிறது. ஆன்டெனாவுக்குப் போகும் கோஆக்ஸ் கேபிளின் வெளிப்பின்னலில் திரும்பி ஓடிவரும் காமன் மோட் மின்னோட்டம் யூஎஸ்பி கேபிளின் பின்னலில் ஏறி, ஒலிச் சுற்றின் ஏதோ ஒரு சந்திப்பில் ஒருதிசைப்பட்டு (ரெக்டிஃபை ஆகி) மறுபடியும் ஒலியாகிறது. எஸ்எஸ்பியின் பவர் குரலோடு சேர்ந்தே ஏறி இறங்குவதால், இப்படிப் பிறந்த ஒலியும் குரலின் சிதைந்த நிழலாகவே இருக்கும். அது மாடுலேட்டருக்குள் புகுந்து மறுசுற்றுக்குக் கிளம்புகிறது. அடுக்குமாடிக் குடியிருப்பில் பால்கனியிலிருந்து ஒரு முனையில் மட்டும் இணைக்கும் எண்டு ஃபெட் ஆன்டெனாக் கம்பியை இழுத்து, அதற்கு மூன்று மீட்டர் தள்ளி ரிக்கை வைத்திருக்கும் நம்மில் பலருக்கு இது அன்றாடப் பிரச்சினை.

மருந்து ஃபெரைட் என்ற காந்தப் பொருள்தான், ஆனால் அளவறிந்து கொடுக்க வேண்டும். எச்எஃப் (சிற்றலை) பட்டைகளுக்கு 31 என்ற எண்ணுள்ள ஃபெரைட் கலவை பொருத்தமானது. கேபிள் ஒருமுறை மட்டும் நுழையும்படி ஒரு கிளிப் ஃபெரைட்டை மாட்டுவதால் 7 மெகாஹெர்ட்ஸில் பயன் மிகக் குறைவு. சுற்று எண்ணிக்கையின் வர்க்கத்துக்கு ஏற்பத் தடை உயர்வதால், பெரிய வளையத்தில் யூஎஸ்பி கேபிளை ஆறேழு சுற்றுச் சுற்றுவது, ஆறேழு கிளிப்புகளை வரிசையாக மாட்டுவதைவிடப் பல மடங்கு வலிமையானது. யூஎஸ்பி கேபிள் குட்டையாக இருக்கட்டும். கோஆக்ஸ் அறைக்குள் நுழையும் இடத்திலும், முடிந்தால் ஆன்டெனாவின் இணைப்பு முனையிலும் இதுபோன்ற ஃபெரைட் சுற்று (சோக்) ஒன்று இருக்கட்டும். செய்தி நடுவில் அறுந்து, விண்டோஸ் கருவி துண்டிக்கப்பட்ட ஓசையை எழுப்பினால், அதுவும் இதே நோயின் முற்றிய நிலைதான்.

மூன்றாவது, ரீங்காரம். நம் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ். ஆனால் எஸ்எஸ்பி வடிகட்டி அதை அனேகமாக விழுங்கிவிடுவதால், காதில் கேட்பது அதன் மேல் மடங்குகளே. மடிக்கணினியின் சார்ஜரைப் பிடுங்கிப் பேட்டரியில் ஓட்டிப் பாருங்கள். ரீங்காரம் நின்றால் எர்த் வளையம் (கருவிகளின் எர்த் இணைப்புகளுக்குள் மின்னோட்டம் சுற்றுவது) இருக்கிறது. போட்டியின் போது மின்சாரம் போய் இன்வெர்ட்டர் ஏற்றுக்கொண்ட பிறகு மட்டும் ரீங்கரித்தால், அந்த இன்வெர்ட்டரின் சதுர அலையே காரணமாக இருக்கும். ரிக்கையும் மடிக்கணினியையும் நேராகப் பேட்டரியிலிருந்து ஓட்டுவது அதற்குத் தீர்வு. யூஎஸ்பி இல்லாத பழைய ரிக்கில், மடிக்கணினியின் ஹெட்போன் துளையிலிருந்து மைக் துளைக்குத் தாமே கம்பி இழுத்திருப்பவர்கள், இடையில் 600 ஓமுக்கு 600 ஓம் தனிமைப்படுத்தும் டிரான்ஸ்ஃபார்மர் ஒன்றை வைக்க வேண்டும். அதோடு 10 கிலோ ஓம், 100 ஓம் என்று இரண்டு ரெசிஸ்டர்களால் ஒலியைச் சுமார் 40 டெசிபெல் குறைக்கவும் வேண்டும். ஹெட்போன் வெளியீடு வோல்ட் கணக்கில் வருவது, மைக் துளை மில்லிவோல்ட்டுக்கு வாய் திறப்பது. ஐகாம் மைக் துளையில் எலக்ட்ரெட் மைக்குக்கான டிசி மின்னழுத்தமும் இருப்பதால், அதைத் தடுக்க ஒரு கெபாசிட்டரையும் மறக்காதீர்கள்.

பதிவுக் குரலும் நேரடிக் குரலும் இரண்டு ஆட்களைப்போல் கேட்கின்றன

சிக்யூ முழங்கிவிட்டு, அழைத்தவருக்குப் பதில் சொல்லும்போது குரல் மெலிந்து போனால், கேட்பவர் அது வேறு நிலையம் என்று எண்ணி நகர்ந்துவிடுவார். போட்டியில் பேசும் அதே மைக்கில், அதே தூரத்தில், போட்டியில் பேசும் அதே விரைவில் பதியுங்கள். வெள்ளிக்கிழமை இரவு அமைதியான அறையில் மென்மையாகப் பதிந்த குரல் ஞாயிற்றுக்கிழமை நெரிசலுக்குப் போதாது.

மின்விசிறியை நிறுத்திவிட்டுப் பதியுங்கள். என்னுடைய முதல் ஆண்டுப் பதிவில், சொற்களுக்கு நடுவே ஹும், ஹும் என்று ஒரு துடிப்பு இருந்தது. கம்ப்ரஸர் அதைத் தூக்கி நிறுத்த, நண்பர் ஒருவர் லீனியரில் ஏதோ பழுது என்று சொல்லும்வரை எனக்குத் தெரியவில்லை. மேலே சுழன்ற விசிறியின் இறக்கைகள் மைக்கைக் கடந்த ஓசை அது. 200 ஹெர்ட்ஸுக்குக் கீழே உள்ளதைப் பதிவிலிருந்து வடிகட்டிவிடுவதும் நல்லது. எதிர்ப்பக்கத்துக்கு அது புரிதலைத் தராமல் பவரை மட்டும் தின்கிறது.

போட்டிக்காக உலகைப் பிரித்திருக்கும் சிக்யூ மண்டலங்களில் நம் நாட்டின் பெருநிலப்பரப்பு 22இல் இருப்பதால், இந்தப் போட்டியில் நாம் கொடுக்கும் பரிமாற்றம் (சிக்னல் மதிப்பும் மண்டல எண்ணும்) ஃபைவ் நைன், டூ டூ. இதை ஒரே மூச்சில் சொன்னால் இரண்டு டூவும் ஒட்டி ஒன்றாகிவிடுகின்றன. ஐரோப்பியர் பலர் நம் மண்டலத்தை முன்பே அறிந்திருப்பதால் கேட்காமல் போய்விடலாம். ஆனால் நலிந்த சிக்னலில் மறுபடி சொல் என்று கேட்பவர்கள் இருக்கத்தான் செய்கிறார்கள். இரண்டு டூவுக்கும் இடையே ஒரு கண்ணிமைப்பு இடைவெளி விட்டுப் பதிந்த பிறகு, அப்படிக் கேட்பவர்கள் எனக்குக் குறைந்துவிட்டார்கள். மார்ச் மாதக் கடைசி முழு வார இறுதியில் நடக்கும் மற்றொரு எஸ்எஸ்பி போட்டியான டபிள்யூபிஎக்ஸில், ஒவ்வொரு தொடர்புக்கும் கொடுக்கும் வரிசை எண் மாறிக்கொண்டே இருப்பதால், எண்களைத் தனித்தனிக் கோப்புகளாகப் பதிந்து மென்பொருளைக் கோக்கச் சொல்ல வேண்டும். அப்போது ஒவ்வோர் இலக்கத்தையும் ஒரே சுருதியில், இறக்கம் இல்லாமல் பதியாவிட்டால், நடு இலக்கமே முடிவுபோல் ஒலித்துக் கேட்பவரைக் குழப்பும். எண்களை மட்டும் வாயால் சொல்லிவிடுவதே மேல் என்பது என் கருத்து.

விண்டோஸின் ஓசைகள் காற்றில் போகின்றன. குரல் திடீரென்று தாழ்கிறது

இரண்டுக்கும் வேர் ஒன்றே. ரிக்கின் கோடெக்கை விண்டோஸ் தன் இயல்பான (டீஃபால்ட்) ஒலிக் கருவியாக எடுத்துக்கொண்டிருக்கிறது. மடிக்கணினியின் சொந்த ஸ்பீக்கரை இயல்பான கருவியாக ஆக்குங்கள். ரிக்கின் கோடெக் இயல்பான கருவியாகவும் இருக்கக்கூடாது, தொடர்புக்கான இயல்பான கருவியாகவும் இருக்கக்கூடாது. அடுத்து, ஒலி அமைப்பில் கம்யூனிகேஷன்ஸ் என்ற பகுதியைத் திறந்தால், பேச்சுத் தொடர்பு நடப்பதாக விண்டோஸ் கருதும்போது மற்ற ஒலிகளை 80 சதவீதம் குறைக்கும் என்ற தெரிவு முன்கூட்டியே குறிக்கப்பட்டிருக்கும். அதை எதுவும் செய்யாதே என்று மாற்றுங்கள். விண்டோஸின் சவுண்ட் ஸ்கீமை ஓசையில்லை என்று வைத்துவிடுவது கூடுதல் காப்பு.

தவறான செய்தி போகிறது

என்1எம்எம் செயல்விசைகளுக்கு இரண்டு தொகுதிகளை வைத்திருக்கிறது: முதல் பன்னிரண்டு வரிகள் ஒரே இடத்தில் நின்று சிக்யூ அழைக்கும் ரன் நிலைக்கு, அடுத்த பன்னிரண்டு மற்ற நிலையங்களைத் தேடிப் பிடிக்கும் நிலைக்கு. என்டர் விசையே செய்தி அனுப்பும்படி வைத்திருந்தால், அழைப்புக்குறிக் கட்டம் காலியாக இருக்கையில் ரன் நிலையில் சிக்யூ போகும், மற்ற நிலையில் நம் அழைப்புக்குறி போகும். சிக்யூ அழைத்த இடத்திலிருந்து டயல் நகர்ந்துவிட்டால் மென்பொருள் நிலையை மாற்றிவிடக்கூடும். இது பழுதன்று, திரையில் எந்த நிலை குறிக்கப்பட்டிருக்கிறது என்பதைப் பார்க்கும் பழக்கம் வந்தால் போதும்.

எல்லாம் சரியாகப் போகிறது, பதில் மட்டும் வரவில்லை

ஆர்ஐடி (கேட்கும் அலைவரிசையை மட்டும் நகர்த்துவது) அணைந்திருக்கிறதா, ஸ்பிளிட் (கேட்கவும் அனுப்பவும் வெவ்வேறு அலைவரிசை வைப்பது) அணைந்திருக்கிறதா என்று பாருங்கள். சற்று விலகி அழைத்த ஒருவருக்காக ஆர்ஐடியைத் திருப்பிவிட்டு மறந்துவிட்டால், கீயர் ஓர் இடத்தில் பேச, காது வேறோர் இடத்தில் இருக்கும். அடுத்து, தானியங்கி சிக்யூவின் இடைவெளி. ஒன்றரை விநாடிக்குக் குறைத்தால், தயங்கி அழைக்கும் நலிந்த நிலையத்தின் மேல் நம் அடுத்த சிக்யூ ஏறி மிதிக்கும்; இரண்டரை விநாடி கொடுங்கள்.

அதன் பிறகும் ஐயம் இருந்தால், நெதர்லாந்தின் ட்வென்டே பல்கலைக்கழகத்தில் இயங்கும், இணையவழிக் கேட்கும் ரிசீவரான வெப் எஸ்டிஆரை உலாவியில் திறந்து, மாலை நேரத்தில் 14 மெகாஹெர்ட்ஸில் உங்கள் குரலை நீங்களே கேளுங்கள். மானிட்டரில் தூய்மையாகக் கேட்ட குரல், பல ஆயிரம் கிலோமீட்டர் கடந்து, இரைச்சலுக்கு நடுவே எப்படி விழுகிறது என்பது அங்கேதான் தெரியும். அதைக் கேட்கும்போது ஒலியை மடிக்கணினியில் அல்லாமல் கைபேசியில் ஓடவிடுங்கள், இல்லாவிட்டால் அதுவே கீயரின் பாதையில் புகுந்துவிடும்.

போட்டி நடுவில் மடிக்கணினியின் ஒலி முற்றாகக் கைவிட்டால், ரிக்கின் உள்ளேயே இருக்கும் குரல் நினைவகம் துணைக்கு வரும். ஐசி-7300இல் அப்படி எட்டு இடங்கள் உள்ளன. எஸ்டி கார்டு செருகியிருந்தால்தான் அவற்றில் குரல் தங்கும். சிக்யூவையும், பரிமாற்றத்தையும், அழைப்புக்குறியையும் வெள்ளிக்கிழமையே அவற்றில் பதிந்து வைத்துவிடுங்கள். அது கூட இல்லாத ரிக்குக்கு, பத்து விநாடி பதியும் ஐஎஸ்டி1820 என்ற குரல் பதிவு மாட்யூல் ஒன்று சென்னை ரிச்சி தெருவில் கிடைக்கும். அதன் வெளியீடு ஸ்பீக்கருக்கானது என்பதால், மேலே சொன்ன இரண்டு ரெசிஸ்டர்கள் அங்கேயும் தேவைப்படும்.